ஐயா திரித்த குரக்கன்

எங்கள் வீட்டில் குரக்கன், அதுதான் கேழ்வரகு, சமைக்கக் கூடாது. அது என்னைப் பெற்ற ஐயா போட்ட சட்டம். கள்ளுக்கு இடமிருந்தது, சுருட்டுக்கு இடமிருந்தது, குரக்கனுக்கு இல்லை. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“காணி எடுத்தது குரக்கன் தின்னவோ?”

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கென்று ஒரு முழம் நிலம் இருந்ததில்லை. அரசாங்கம் காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து, முரசுமோட்டைப் பக்கம் குடியேற்றத்தில் ஐயாவுக்கு நெற்காணி கொடுத்தபோது நான் கைக்குழந்தை. இந்தக் கதை நடக்கும்போது எனக்கு ஒன்பது வயது. அதற்குள் ஐயா நெல் மூட்டைகளை வீட்டின் முன்பக்கத்தில் அடுக்கப் பழகியிருந்தார். பின்னால் வைத்தால் எலித் தொல்லை குறைவு என்று அம்மா பலதரம் சொல்லியிருக்கிறாள். எலி தின்றாலும் பரவாயில்லை, வருகிறவன் பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

காலையில் அரிசிமாப் பிட்டு, மத்தியானம் சோறு, இரவும் சோறு. அதுவும் மில்லில் இரண்டு தரம் தீட்டுவித்த வெள்ளைச் சோறு. கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தாலும் மில்காரனோடு சண்டைக்குப் போய்விடுவார்.

வாய்க்காலுக்கு அப்பால் பழைய ஊர் ஒன்று இருந்தது. எங்களுக்கு முன்னரே தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த சனம். அவர்கள் காடு வெட்டி எரித்த சேனையில் குரக்கன் விதைத்தார்கள், குளத்தில் மீன் பிடித்தார்கள். எங்கள் குடியேற்றத்து ஆட்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். குரக்கன் காட்டுச் சாப்பாடு, குளத்து மீனில் சேற்று மணம் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழுக்கு வரிசையில் நின்றவர்கள்தான் இப்படிச் சிரித்தார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன்.

இன்னொரு பெருமையும் எங்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வேலி. காடு வெட்டிய வெளியில், கண்ணுக்கெட்டிய தூரம் மாடும் வரம்பும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், ஐயா வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு வேலி அடைத்திருந்தார். அம்மா அந்த வேலிக்குள் இருந்தாள். அந்த வேலிக்குள்ளும் பாதி நாள் குசினிக்குள் அடுப்படியில் இருந்தாள். வெயில் அம்மாமேல் விழுவது கிணற்றடிக்குப் போய்வரும் அந்தப் பத்து அடியில்தான்.

முதலில் ஐயா சாப்பிடுவார். பிறகு நாங்கள் ஐந்து பேர். மீன் வந்தால் நடுத்துண்டு ஐயாவுக்கு, மிச்சம் எங்களுக்கு. பால் எங்களுக்கு. முட்டை தம்பிமாருக்கு. அம்மாவுக்குச் சட்டியின் அடியில் ஒட்டிய சோறும் சொதியும். இதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை, அம்மா உட்பட. இப்போது வீட்டுக்கு வரும் மருத்துவிச்சிகளும் சுகாதாரக் கடதாசி கொடுக்கும் பிள்ளைகளும் எலும்புக்கு நல்லது, பால் குடியுங்கோ, கீரை தின்னுங்கோ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் எலும்பைப் பற்றி என்ன கதை?

அம்மா விழுந்தது ஒரு பெரிய விழுகையே இல்லை. கிணற்றடிக் கல்லில் பாசி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள், கால் வழுக்கியது, வலது கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்தாள். நாங்கள் நாளுக்கு நாலு தரம் அப்படி விழுந்து எழும்பி ஓடுவோம். ஆனால் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கொப்பு முறியும் சத்தம். மண்குடத்துக்கு ஒரு கீறலும் இல்லை. அம்மாவின் மணிக்கட்டுக்கு மேலே கை வேறு பக்கம் பார்த்தது.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயது கூட ஆகவில்லை.

ஐயா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பரியாரியாரைக் கூட்டிவந்தார். பரியாரியார் நல்ல பருமன். பின் கரியரில் அவரை இருத்தி மணல் பாதையில் மிதித்து வந்ததில் ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. பரியாரியார் கதிரையில் இருந்து, அம்மாவின் கையைப் பிடித்து, மாட்டைப் பற்றி ஏதோ கேட்டார். அம்மா பதில் சொல்ல வாய் திறந்த நேரத்தில் இழுத்துவிட்டார். அம்மா கத்தவில்லை. சேலைத் தலைப்பைக் கடித்தாள். அவர் எண்ணெய்ச் சீலை சுற்றி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்ன சாப்பிடுறனி பிள்ளை?”

ஐயா முந்திக்கொண்டார். “நெற்சோறு, பரியாரியார். மூண்டு நேரமும்.”

“உம்மை ஆர் கேட்டது? கை முறிஞ்சது உமக்கோ?”

அம்மா தன் கால்விரலைப் பார்த்தபடி சொன்னாள். “எல்லாரும் தின்னுறதுதான்.”

“எல்லாரும் திண்டு முடிச்சாப் பிறகோ?”

பரியாரியார் வாசலில் நின்ற எங்கள் ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தார். கடைசித் தம்பி என் இடுப்பில் இருந்தான்.

“அஞ்சு பெத்து அஞ்சுக்கும் பால் குடுத்திருக்கிறா. அந்தப் பால் என்ன வாய்க்காலிலை இருந்தே வந்தது? சோறு வயித்தை நிரப்பும் தம்பி. எலும்பை நிரப்பாது.”

பிறகு ஐயாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஊற்றுகிற பாலில் அம்மாவுக்கும் ஒரு செம்பு. எள்ளு ஒரு பிடி இடித்துக் கொடுக்க வேண்டும். முருங்கையிலையை வேலியில் பார்த்துக்கொண்டிராமல் சட்டியில் போட வேண்டும். முள்ளோடு மென்று தின்னக்கூடிய சின்ன மீன் வேண்டும். காலை வெயில் உடம்பில் பட வேண்டும். கை முறிந்தது என்று பாயில் கிடக்கக் கூடாது, நடக்க வேண்டும். ஐயா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார்.

“நாளுக்கு ஒரு நேரமாவது குரக்கன்.”

அதற்கு மட்டும் ஓம் வரவில்லை.

ஐயாவைப் பற்றி நான் கெட்டதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கிழமை அவர் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். சேற்று மணம் என்று சிரித்த மனிதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிச் சின்ன மீன் பிடித்து வந்தார். நான் அதைச் சமைத்தேன். ஒன்பது வயதில் நான் சமைத்த மீன்குழம்பை முள்ளோடு தின்றதே அம்மாவுக்குப் பெரிய தண்டனை. பால் செம்பைக் கொடுத்துவிட்டு அம்மா குடித்து முடிக்கும்வரை ஐயா பக்கத்தில் நின்றார். அவர் திரும்பினால் அம்மா அதைக் கடைசித் தம்பிக்குக் கொடுத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலியையும் திறந்தார். கிழக்குப் பக்கத்தில் கிடுகை அறுத்து இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு வெளியாக்கினார். காலை வெயில் முற்றத்துக்குள் வந்தது. அதில் அம்மாவை ஒரு பலகையில் இருத்தினார். பாதையில் போன பக்கத்துக் காணிக்காரர் நின்று பார்த்தார்.

“என்ன, வேலி பாறி விழுந்துபோச்சோ?”

“இல்லை. வெயில் வரட்டுமெண்டு திறந்தனான்.”

“வீட்டுக்காரி வெளியாலை தெரியுறா.”

“தெரியட்டும்.”

அவ்வளவு செய்தவர் குரக்கனுக்கு மட்டும் இறங்கவில்லை. அம்மா ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, அந்தக் குரக்கன்...”

“அதை விடு.”

பதினைந்து நாள் கழித்துப் பரியாரியார் வந்து கட்டை அவிழ்த்தார். கை மெலிந்து, தோல் சுருங்கி, வேறு யாருடைய கையோ போல இருந்தது. அமத்திப் பார்த்தார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“இன்னும் பச்சைத் தண்டு மாதிரிக் கிடக்கு. குரக்கன் குடுத்தனியளோ?”

ஐயா கூரையைப் பார்த்தார்.

பரியாரியார் மறுபடியும் இறுக்கிக் கட்டினார். “இன்னும் மூண்டு கிழமையிலை சேராட்டில் கை சூம்பிப் போகும். பிறகு என்னட்டை வராதேங்கோ.”

சூம்பிப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் பாதையில் ஒரு கிழவருக்குக் கை அப்படி இருந்தது. அம்மாவுக்கு அது வலது கை. தேங்காய் துருவும் கை, தண்ணீர் அள்ளும் கை, பிள்ளை தூக்கும் கை. இந்தப் பதினைந்து நாளும் தம்பி பசியில் அழுதால் நான்தான் அவனைத் தூக்கி அம்மாவின் மடியில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் துள்ளுவான், கைக்கட்டின்மேல் உதைப்பான், அம்மா பல்லைக் கடிப்பாள். பள்ளிக்கூடத்துக்கு நான் வேலையெல்லாம் முடித்துப் பிந்தித்தான் போனேன். அம்மாவின் கை சேராவிட்டால் மூத்த பெண்பிள்ளையான என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவிடாமல் மறித்துவிடுவார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த பயம் அதுதான். அம்மாவின் கை இரண்டாவது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் பூரணம். பழைய ஊர்ப் பிள்ளை. அவள் இடைவேளைக்குக் கொண்டுவருவது குரக்கன் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும். என்னுடைய வெள்ளைப் பிட்டின்மேல் அவளுக்கு ஒரு கண். அடுத்த நாள் நான் என் பிட்டை அவள் முன்னால் வைத்தேன்.

“மாத்துவமோ?”

“உங்கடை ஆக்கள் இது தின்னமாட்டினமே?”

“தின்னுவம். ஒளிச்சுத் தின்னுவம்.”

பூரணம் சிரித்துவிட்டு ரொட்டியைத் தந்தாள். நான் அதைத் தின்னவில்லை. வாழையிலையில் சுற்றிப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா இலையை விரித்துப் பார்த்தாள். ஆர் தந்தது என்று கேட்டாள். சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து இடது கையால் பிய்த்துத் தின்றாள். கடைசித் துண்டை எனக்குத் தர நீட்டினாள். நான் வாங்கவில்லை. அம்மா தந்த சாப்பாட்டை நான் வேண்டாம் என்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

நாளுக்கு ஒரு ரொட்டி எந்த மூலைக்குக் காணும்? பூரணம் தன் தாயிடம் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாய்க்காலைக் கடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூரணத்தின் தாய் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாழ்ப்பாணத்தார் வீட்டு வாசல்லை எங்கடை மா ஏறுமோ?”

“ஒளிச்சு ஏறும் மாமி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாவை அளந்து என் பைக்குள் கொட்டினாள். கட்டப் போனவள் நிறுத்திவிட்டு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள். “கை முறிஞ்ச பொம்பிளைக்கு இல்லையெண்டு சொல்லேலாது. கொண்டு போ.”

அதன் பிறகு ஐயா வயலுக்குப் போனதும் நானும் அம்மாவும் களி கிண்டினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் கிண்டினேன். ஐயா மத்தியானம் வருமுன் பானையைக் கழுவிக் கவிழ்த்து, மணம் போகும்படி அடுப்பில் வேப்பிலை போட்டுப் புகைப்போம். நுளம்பு கடிக்கிறது என்று சொல்லலாம் என்பது என் யோசனை. பகலில் என்ன நுளம்பு என்று அவர் கேட்கவில்லை. ஒரு கிழமை இப்படிப் போனது.

ஒரு சனிக்கிழமை மண்வெட்டிப் பிடி முறிந்து ஐயா பதினொரு மணிக்கே வந்துவிட்டார்.

குரக்கன் களிக்கு ஒரு மணம் இருக்கிறது. வறுத்த மண்ணில் முதல் மழை விழுந்தது போல. ஒளிக்க முடியாத மணம். ஐயா வேலிப் படலையில் நின்றார். பிறகு குசினி வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் நான் கோபத்தை எதிர்பார்த்தேன். அது கோபம் போலத்தான் இருந்தது, ஆனால் யாரோ அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டது போலவும் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. நேரே வந்து அடுப்பிலிருந்து பானையைச் சீலையால் பிடித்துத் தூக்கினார். மாட்டுத் தொட்டிக்குள் கொட்டப் போகிறார் என்று தெரிந்தது.

அம்மா இடது கையில் அகப்பையோடு நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“உங்கடை மானத்துக்கு வீட்டு முன்னாலை நெல்லு மூட்டை அடுக்கிக் கிடக்கு. எனக்குக் கை வேணும்.”

ஐயா நின்றுவிட்டார். பானையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சீலையைத் தாண்டிச் சூடு சுட்டிருக்க வேண்டும், அவர் அதைக் கவனிக்கவில்லை. பிறகு குனிந்து பானையை நிலத்தில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். புதுப் பிடி ஒன்றை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

இரண்டு நாள் அவர் எங்களோடு கதைக்கவில்லை. நாங்களும் இனி ஒளிக்கவில்லை. மூன்றாம் நாள் மா முடிந்தது. பூரணத்தின் தாயிடம் போனேன். அவர்கள் வீட்டிலும் திரித்த மா முடிந்துவிட்டது. சேனை வேலை நேரம், திரிக்க ஆளில்லை. தானியமாகத் தந்தாள். “திரிச்சு எடுங்கோ பிள்ளை. மண் கிடக்கும், நல்லாக் கொழிச்சுப்போட்டுத் திரி.”

மில்லில் நெல் மட்டும்தான் குத்துவார்கள். எங்கள் வீட்டில் திரிகை இருந்தது, அம்மா உழுந்து உடைப்பது. அம்மாவால் ஒரு கையால் முடியாது. நான் சாக்கை விரித்துத் திரிகையை இழுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு பிடி குரக்கனைக் குழிக்குள் போட்டுச் சுற்றினேன். இரண்டு சுற்றில் மேற்கல் இறுகி நின்றுவிட்டது. எழுந்து நின்று இரண்டு கையாலும் தள்ளினேன். குரக்கன் பாதி முழுசாகவே வெளியே வந்து விழுந்தது. அம்மா தம்பியைக் கீழே விட்டுவிட்டு இடது கையால் பிடிக்க வந்தாள். தம்பி வீரிட்டு அழுதான்.

ஐயா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வைக்கோலைப் போட்டுவிட்டு வந்தார்.

“எழும்பு.”

அடி விழப் போகிறது என்று நான் விலகினேன். அவர் சாக்கில் உட்கார்ந்தார். ஒரு காலை நீட்டி, மற்றக் காலை மடித்து, பெண்கள் திரிகைக்கு இருப்பது போலவே இருந்தார். ஆனால் உடனே திரிக்கவில்லை. குழிக்குள் நான் போட்டதை வழித்து எடுத்தார். சுளகைக் கேட்டார். குரக்கனைச் சுளகில் போட்டுக் கொழித்தார், ஒரு பக்கம் மண் ஒதுங்கியது, மறுபக்கம் தானியம். உமியை ஊதினார். விரல் நுனியால் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் விட்டுக்கொண்டு வலது கையால் சுற்றத் தொடங்கினார். கல் ஒரு இடத்திலும் இறுகவில்லை. சுற்றிவர மா மெல்லிதாக, வட்டமாக விழுந்தது.

தம்பிமாரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். மீசை வைத்த ஐயா சுளகு பிடித்துக் கொழிப்பதை விடப் பெரிய வேடிக்கையை நாங்கள் கண்டதில்லை. அம்மா சிரிக்கவில்லை. அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

“ஐயா, உங்களுக்கு ஆர் பழக்கினது?” என்று கேட்டேன்.

“கதையாதை. மா பறக்கும்.”

அடுத்த நாள் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடிக்கலாம் போலிருக்கிறது. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கடை ஐயா குரக்கன் திரிச்சவர், காலை நீட்டிக்கொண்டிருந்து திரிச்சவர் என்று நடித்தும் காட்டினேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து ஐயா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திச் சந்திக் கடைக்குக் கூட்டிப் போனார். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் எங்கள் குடியேற்றத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

“என்ன, வீட்டிலை மில் ஒண்டு போட்டிருக்கிறீராம்?”

“எங்களுக்கும் ரெண்டு கொத்துத் திரிச்சுத் தாருமன்.”

“சீலையும் உடுத்துக்கொண்டோ திரிக்கிறனீர்?”

ஐயா கடதாசியில் சுற்றிய சீனிச் சரையை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். நான் பாரில் இருக்க, வாய்க்கால் கரையில் வெகுதூரம் வந்தபின் கேட்டார்.

“பள்ளிக்கூடத்திலை சொன்னனியோ?”

“ஓம்.”

“எத்தினை பேருக்கு?”

“எல்லாருக்கும்.”

சைக்கிள் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் ஐயாவின் கை கனமானது, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் விழவில்லை. சைக்கிள் மறுபடியும் நகர்ந்தது. வீட்டுக்கு வந்து, சீனிச் சரையை அம்மாவிடம் கொடுத்து, மேல்சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

“சரி. இனி ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. சாக்கை எடு.”

அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் திரித்தார். வேலியில் வெட்டிய வெளிக்கு நேரே, பாதையில் போகிறவன் பார்க்கும்படி, பகலில் திரித்தார். அம்மா களியும் ரொட்டியும் தின்றாள். மீனைத் தின்றாள், எள்ளைத் தின்றாள், காலையில் வெயிலில் இருந்தாள், வரம்பு வழியே நடந்து திரும்பினாள். அவளுக்குப் பிறகு நாங்கள் சாப்பிட்ட நாட்களும் இருந்தன. ஐயா தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நீ முதல் திண்டு முடி என்பார். அது அன்புப் பேச்சு மாதிரி இருக்காது, மாட்டை அதட்டுவது மாதிரி இருக்கும்.

மூன்று கிழமை முடிந்து பரியாரியார் வந்தார். கட்டை அவிழ்த்தார். அமத்தினார், திருப்பினார், தட்டினார். ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அம்மாவின் முன்னால் வைத்தார். தூக்கு என்றார். அம்மா ஐயாவைப் பார்த்தாள். ஐயா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா வலது கையை நீட்டிச் செம்பைப் பிடித்தாள். தண்ணீர் ததும்பியது, செம்பு எழும்பியது. பரியாரியார் போதும் வை என்றார். அம்மா செம்பை வைத்துவிட்டு, அவர் தடுக்குமுன் தம்பியைத் தூக்கி இடுப்பில் இருத்திவிட்டாள். பரியாரியார் ஏசினார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

குரக்கன்தான் எலும்பைப் பொருத்தியது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கட்டு நன்றாக இருந்திருக்கலாம். மீனாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம். தனக்கென்று யாரோ ஒருவர் சமைத்ததைச் சூடாகத் தின்றதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது, அதன் பிறகு அம்மா நாற்பது வருடம் அந்தக் கையால்தான் எல்லாம் செய்தாள்.

அன்று மத்தியானம் அம்மா எல்லோருக்குமாகக் களி கிண்டினாள். அவளே கிண்டினாள். வாய்க்கால் மீன் குழம்பு வைத்தாள். முதல் தட்டை ஐயாவுக்கு நீட்டினாள். அத்தனை நாள் திரித்த ஐயா அதுவரை ஒரு வாய்கூடத் தின்றதில்லை. இன்றும் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். வாங்கினார். வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் இருக்காமல், முற்றத்திலும் இருக்காமல், நேரே மாட்டுக்கொட்டிலின் பின்பக்கம் போனார்.

நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். சாணிக் கும்பிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, தலையைக் குனிந்து, வேகமாகத் தின்றுகொண்டிருந்தார்.

“ஏன் ஐயா இஞ்சை இருந்து தின்னுறியள்?”

அவர் நிமிரவில்லை. “இதை இப்பிடித்தான் தின்னுறது.”

ஏழு வயதில் ஐயாவை யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய வீட்டில் மாடு பார்க்க விட்டிருந்தார்கள். அந்த வீட்டாருக்கு நெற்சோறு. அவருக்குக் குரக்கன், அதையும் அவரே கொழித்து அவரே திரிக்க வேண்டும். கிண்டியதைப் பனையோலையில் போட்டுத் தருவார்கள். முற்றத்தில் இருந்து தின்ன விடமாட்டார்கள், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால்தான். ஐந்து வருடம். அம்மாவுக்கு இது கலியாணமான நாளிலிருந்து தெரியும். தெரிந்துதான் ஐயா பானையைத் தூக்கிய அன்று குசினியில் அப்படிச் சொன்னாள். எனக்கு இதை ஐயா செத்து எட்டுச் செலவு முடிந்த அன்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வயதில் எனக்கு என்ன தெரியும்? குரக்கனுக்கு அப்படி ஒரு முறை இருக்கிறதாக்கும், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்து தின்றால்தான் ருசி போலும் என்று நினைத்தேன். எனக்கு அது பிடித்துவிட்டது. உள்ளே ஓடிப் போய் என் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். தம்பிமாரையும் கூப்பிட்டேன். அவர்களும் தட்டோடு வந்தார்கள். எல்லோரும் அவரைச் சுற்றிக் குந்தினோம். இடம் போதாமல் நான் அவரை முட்டிக்கொண்டு இருந்தேன்.

ஐயா தின்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு சாணி இல்லாத பக்கமாக எனக்கு இடம் விட்டுத் தான் தள்ளி இருந்தார்.